வீட்டு முன்னால் கார் நிறுத்த கான்கிரீட் தளம்: வேலூர் வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

வேலூர், காட்பாடி பக்கம் புது பிளாட்டில் வீடு கட்டுகிறவர்கள் கடைசியாகக் கை வைப்பது வீட்டு முன்னால் இருக்கும் மண் தரையில்தான். அதற்குள் பணமெல்லாம் டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்கும் போயிருக்கும். மிச்சம் கிடக்கிற எம் சாண்ட், கொஞ்சம் ஜல்லி, நாலைந்து மூட்டை சிமெண்ட், இதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி, "இதுலயே கார் நிக்கிற இடத்துக்கு ஒரு கான்கிரீட் போட்டு விட்டுடலாம் சார்" என்பார். நாமும் சரி என்போம். இரண்டு மழை, ஒரு கோடை தாண்டியதும் குறுக்கே ஒரு வெடிப்பு, ஓரத்தில் ஒரு இறக்கம், மழை பெய்தால் நிலைப்படி ஓரம் தண்ணீர்.

பிறகு எந்த கம்பெனி சிமெண்ட் போட்டீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். தரைத் தளம் கெடுவதற்குப் பெரும்பாலும் சிமெண்ட் காரணமில்லை. அடியில் இருக்கும் மண், கலவையில் ஊற்றிய தண்ணீர், போட்ட பிறகு காட்டாமல் விட்ட தண்ணீர், இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே கலவை மிஷின் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன். கணக்குக்கு 12 அடி அகலம், 20 அடி நீளம் என்று ஒரு காருக்கான தளத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், மேலே எது நிற்கப் போகிறது?

இதைத் தீர்மானிக்காமல் கனம் பேசக் கூடாது. ஸ்கூட்டர், பைக், ஆள் நடமாட்டம் மட்டும் என்றால் 4 அங்குலம் தாராளம். கார் என்றால் 5. சின்ன கார் ஒரு டன் சொச்சம், பெரிய வண்டி ஆட்களோடு இரண்டரை டன் வரை போகும். வீட்டுக்கு வெளியே தரையில் தண்ணீர் டேங்க் வைப்பவர்கள் 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை என்பதை மறந்துவிடுகிறார்கள். அதுவும் கார் மாதிரி வந்து போகாது, இரவும் பகலும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். 2000 லிட்டர் டேங்குக்கும் 5 அங்குலம் போதும், ஆனால் டேங்கின் விளிம்பைவிட சுற்றிலும் அரை அடியாவது தளம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் ஊரில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் தண்ணீர் லாரி. ஏப்ரல், மே வந்தால் போர் வற்றி, லாரிக்குப் போன் போடுகிற வீடுகள் எத்தனை! சம்ப் காம்பவுண்டுக்குள்ளே இருந்தால் டிரைவர் வசதி பார்த்து லாரியை உள்ளே விடுவார். 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். காருக்குப் போட்ட தளம் அதைத் தாங்காது. ஒன்று லாரி தெருவிலேயே நின்று ஹோஸ் போடும்படி சம்ப் வாயை கேட் ஓரம் வையுங்கள், அல்லது லாரி வரும் தடத்துக்கு மட்டும் 7 அங்குலமும் 10 எம்எம் கம்பியும் என்று தனியாக ஒரு பொறியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். முதல் வழி செலவில்லாதது, நான் அதைத்தான் சொல்வேன்.

மட்டமும் வாட்டமும்

தண்ணீர் எங்கே போகும் என்பதை நூல் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். தளத்தின் மேல்மட்டம் வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட அரை அடியாவது கீழே இருக்கட்டும். தெருவைவிட மேலே இருக்க வேண்டும், அதுவும் இன்றைய தெரு மட்டத்தை மட்டும் பார்த்து வைக்காதீர்கள். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் இரண்டு மூன்று அங்குலம் ஏறுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

வாட்டம் 100-க்கு 1 என்பது குறைந்தபட்சம். 20 அடி நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாட்டம் இது, கண்மட்டத்தில் விட்டால் நிச்சயம் குளம் கட்டும். டியூபில் தண்ணீர் நிரப்பி நான்கு மூலையிலும் மட்டம் குறித்து, ஆணி அடித்து, நூல் கட்டிவிடுங்கள். மூலை சரியா என்று பார்க்க 3, 4, 5 கணக்கு போதும்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். தளம் பெரிதாக இருந்தால் 6, 8, 10 என்று இரட்டித்துக்கொள்ளுங்கள்.

வாட்டத்தைப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு பக்கம் விடாதீர்கள், அந்தச் சண்டை தளத்தைவிட நீண்ட நாள் நிற்கும். தமிழ்நாட்டில் 2003-லிருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எப்படியும் ஒரு குழி இருக்கும். தளத்துத் தண்ணீரும் அதில் போய்ச் சேரும்படி ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால் விடலாம். ஆனால் கார் கழுவுகிற ஆயில் தண்ணீர் அந்தக் குழிக்குள் போகக் கூடாது. இன்னொன்று, காம்பவுண்டுக்குள் இருக்கும் மண் முழுவதையும் கான்கிரீட்டால் மூடிவிட வேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு இருக்கிறது, பாம்பு வராது, பெருக்க வசதி என்று சொல்கிறார்கள். மழை முழுவதும் தெருவுக்கு ஓடிவிட்டு, மே மாதத்தில் வீடே தோசைக்கல்லாகிவிடும். கார் நிற்கிற இடம், நடைபாதை, இவ்வளவு போதும். தென்னை மரத்தடியிலிருந்து 3 அடியாவது தள்ளிப் போங்கள். வேப்ப மரம் என்றால் இன்னும் தள்ளி, அதன் வேர் தளத்தைத் தூக்கிவிடும்.

பைப்புகளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். கேட் லைட்டுக்கு ஒயர், தோட்டத்துக்குத் தண்ணீர், பின்னால் என்றாவது கார் சார்ஜ் செய்ய ஒரு லைன். எதுவும் உறுதியாக இல்லையென்றாலும் குறுக்கே இரண்டு பிவிசி பைப்பை வெறுமனே புதைத்து, இரு முனையிலும் மூடி போட்டு விடுங்கள். பாதாள சாக்கடை சேம்பர், செப்டிக் டேங்க் மூடி இவற்றின் மேல் கான்கிரீட் போட்டு மறைக்காதீர்கள், மூடியை தள மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுங்கள். சாய்தளம் காம்பவுண்டுக்குள்ளேயே முடியட்டும். தெருவில் நீட்டினால் கால்வாய் வேலைக்கு வரும் ஜேசிபி முதலில் பதம் பார்ப்பது அதைத்தான்.

மண்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வேலூர், குடியாத்தம், ஆற்காடு சுற்றுவட்டாரத்தில் மண் ஒரே மாதிரி கிடையாது. மலையடிவாரம் பக்கம் கடப்பாரை பாயாத கல்லாங்குத்து, மேட்டு நிலத்தில் செம்மண், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் பிளாட்டான இடத்தில் களிமண்ணும் கரிசலும். செம்மண்ணும் கல்லாங்குத்தும் பிரச்சினை செய்யாது. கரிசல்தான் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும், அதன் மேல் எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும் தூக்கித் தூக்கிப் போடும்.

உங்கள் மண் எது என்று தெரிய கோடையில் தரையைப் பாருங்கள். விரல் நுழையும் அளவு வெடித்திருந்தால் அது ஊதுகிற மண். மழைக்காலமாக இருந்தால் ஒரு கைப்பிடி ஈர மண்ணை எடுத்துத் திரி மாதிரி உருட்டுங்கள், உடையாமல் மெல்லிசாக நீண்டுகொண்டே போனால் களி அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று அடி தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்புவதுதான் வழி. செலவுதான். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து சரியாக நின்றதில்லை.

இன்னொரு ஆபத்து வீடு கட்டும்போது அடித்த மண். அஸ்திவாரம் தோண்டிய மண், உடைந்த செங்கல், காலி சிமெண்ட் பை, மரத்துண்டு எல்லாம் முன்பக்கக் குழியில்தான் போயிருக்கும். மேலே பார்த்தால் மட்டமாக இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள், குப்பை வந்தால் அத்தனையும் வெளியே எடுத்துவிடுங்கள். மேல் மண்ணில் புல், வேர் இருந்தால் அந்த அரை அடியும் போக வேண்டும்.

சரி, நல்ல மண் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு தோண்டுவது? கான்கிரீட் 5 அங்குலம், கீழே கெட்டித்த கிராவல் 6 அங்குலம், ஆக முடிவு மட்டத்திலிருந்து 11 அங்குலம். நம் 12-க்கு 20 தளத்துக்கு கெட்டித்த பிறகு 120 கன அடி கிராவல் வேண்டும், லோடில் வருவது உதிரி என்பதால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட் சொல்லுங்கள். அதை ஒரே தடவையாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டுவிட்டால் தானே அமுங்கிவிடும் என்பார்கள். அமுங்காது, மேல் இரண்டு அங்குலம் மட்டும் கெட்டியாகும். 3, 4 அங்குலமாகப் பரப்பி, ஈரம் காட்டி, ஒவ்வொரு அடுக்கையும் இடிக்க வேண்டும். திமிசுக் கட்டையால் இடிக்கலாம், ஆனால் இந்த அளவுக்கு பிளேட் காம்பாக்டர் ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது நல்லது. ஈரம் என்றால் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. சேறாகிவிட்டால் இடித்துப் பயனில்லை, காயவிடுங்கள்.

முடிந்ததா என்று சோதிக்க லேப் தேவையில்லை. 12 எம்எம் கம்பி ஒன்றை எடுத்துப் பல இடங்களில், முக்கியமாகச் சுவர் ஓரங்களில், உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். ஓரிரண்டு அங்குலத்துக்கு மேல் எங்கேயாவது இறங்கினால் அந்த இடத்தை மறுபடி இடிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிக்குக் கோபம் வரும், வரட்டும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி நிரப்பிய மண்தான் பின்னால் இறங்குகிறது, வெடிப்பும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கிராவலுக்கு மேல் பிசிசி, அதாவது கம்பியில்லாத சாதாரண கான்கிரீட் அடுக்கு, வேண்டுமா? மண் நன்றாக இருந்தால் காருக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. கம்பி கட்டுவதாக இருந்தால் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் வைக்கும் சிறு கட்டை) அழுந்தாமல் நிற்க ஒன்றரை ஜல்லியில் 1:4:8 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) 3 அங்குலம் போடலாம். அப்போது தோண்டும் ஆழமும் 3 அங்குலம் கூடும். எதுவானாலும் கான்கிரீட்டுக்கு அடியில் கெட்டியான பாலிதீன் ஷீட் விரித்துவிடுங்கள். நம் ஊர்க் காய்ந்த மண் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஷீட் இல்லையென்றால் முந்தின நாள் சாயங்காலம் தரையை நன்றாக நனைத்து, காலையில் தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி போட வேண்டுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. தரையில் உட்காரும் தளத்தில் கம்பி வெடிப்பைத் தடுக்காது, வெடித்தால் அது விரியாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. அடித்தளம் சரியாக இருந்து, 10 அடிக்கு ஒரு ஜாயிண்ட் (வெடிப்பு தன் இஷ்டத்துக்கு வராமல் இருக்க நாமே வெட்டிவிடும் கோடு) விட்டால் கம்பியில்லாத 5 அங்குலம் காருக்குப் போதும். நிரப்பிய மண், களி கலந்த மண் என்றால் போடுங்கள். கம்பிக்கும் கிராவலுக்கும் இடையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிராவல்.

போடுவதாக இருந்தால் 8 எம்எம், இரண்டு பக்கமும் 8 அங்குல இடைவெளி. 20 அடி நீளத்தில் 19 கம்பி, 12 அடியில் 31 கம்பி வரும். கடையில் கம்பி 40 அடி நீளம், ஆகவே நீளவாக்குக்கு 10 முழுக் கம்பி, குறுக்குக்கு ஒன்றில் மூன்று வெட்டி 11 கம்பி, மொத்தம் 21. எடை 100 கிலோவுக்குள். முக்கியமானது அது நிற்கும் இடம்: மேலிருந்து 2 அங்குலத்தில் இருக்க வேண்டும், அதற்கேற்ற உயரமான கவர் பிளாக் கொடுங்கள். கம்பியைத் தரையில் போட்டுவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்பார்கள். பின்னாலேயே வருகிற ஆள் மிதித்து அமுக்கிவிடுவார், அந்தக் கம்பி மண்ணுக்கு மட்டும்தான் பயன்படும்.

பொருள் கணக்கு

240 சதுர அடி, 5 அங்குலம், ஆக சரியாக 100 கன அடி கான்கிரீட். எம் 20 கலவை, அதாவது 1:1½:3. சிமெண்ட் 23 மூட்டை, சேதாரத்துக்கு இரண்டு சேர்த்து 25 வாங்குங்கள். மணல் 45 கன அடி, முக்கால் ஜல்லி 90 கன அடி. யூனிட் கணக்கில் அரை யூனிட் மணல், ஒரு யூனிட் ஜல்லி.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சிட்டிருக்கும், மூன்று மாதத்துக்கு மேலானால் வேண்டாம். வீட்டு வேலையில் மிஞ்சிய மூட்டை கட்டி தட்டியிருந்தால் அதை இதில் கலக்க வேண்டாம். பாலாற்று மணல் காலம் போய்விட்டது, இப்போது எம் சாண்ட்தான். அதில் குவாரி டஸ்டைக் கலந்து அனுப்புவதும் உண்டு. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். கழுவிய எம் சாண்ட் சீக்கிரம் தெளியும், டஸ்ட் என்றால் நெடுநேரம் சேறாகவே நின்று பிறகு மேலே மாவு மாதிரி தடிமனாகப் படியும். லோடு இறக்கும் முன்னால் பாருங்கள், இறக்கிய பிறகு பேசிப் பயனில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் உப்பேறிய இடங்கள் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கம்பியில்லாததற்கு 2000 வரை என்று இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற போர் தண்ணீர் என்றால் டெஸ்ட் செய்யுங்கள், அல்லது அந்த ஒரு நாளுக்கு நல்ல தண்ணீர் லாரி சொல்லிவிடுங்கள். 23 மூட்டைக்கு 700 லிட்டருக்குள்தான் வேண்டும்.

எந்த மாதம்

பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி முடிய இதற்கென்றே செய்த காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜூலை, ஆகஸ்டில் போடலாம், ஆனால் இங்கே அந்த மாதங்களில் சாயங்காலம் திடீரென்று இடி மழை கொட்டும், தார்ப்பாய் கையில் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேண்டவே வேண்டாம். கட்டாயமென்றால் ஜல்லியை முந்தின நாளே நனைத்து நிழலில் வைத்து, விடியும் முன்பே ஆரம்பியுங்கள். கருப்பு டேங்கில் கொதிக்கிற தண்ணீரைக் கலவைக்கு எடுக்காதீர்கள்.

போடுகிற நாள்

காலை 6 மணிக்குக் கலவை மிஷின் ஓட வேண்டும். ஓரப் பலகை சரியாக 5 அங்குல உயரம் இருக்கிறதா என்று நீங்களே டேப் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் 5 இருக்கும், நடுவில் கிராவல் மேடு தட்டி மூன்றரை ஆகியிருக்கும், இது சர்வ சாதாரணம். குறுக்கே நூல் பிடித்து நடுவிலும் அளந்து பாருங்கள். வீட்டுச் சுவர், தூண், படிக்கட்டு ஆகியவற்றைத் தளம் தொடும் இடமெல்லாம் அரை அங்குல தெர்மாகோல் நிறுத்துங்கள். தளம் தனியாக அசைய வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டால் வெடிக்கும்.

அளவுக்குப் பெட்டி கேளுங்கள். ஒன்றேகால் கன அடி பெட்டி என்றால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. சட்டிக் கணக்கில் போட்டால் மதியத்துக்கு மேல் சட்டி குவிவதும் குறைவதும் ஆளின் களைப்பைப் பொறுத்தது. மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டர் உச்ச வரம்பு, 27-ல் நிறுத்தப் பாருங்கள், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். ஹோஸை நேராக மிஷினில் விடுவதை அனுமதிக்காதீர்கள், பக்கெட்தான். இளகிய கலவை பரப்பச் சுலபம் என்பதால் ஆட்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, முதுகு அவர்களுடையது. அதற்குப் பதில் வைப்ரேட்டர் கொடுங்கள், டீயும் நேரத்துக்கு வாங்கிக் கொடுங்கள்.

பரப்பி, மட்டப்பலகை இழுத்ததும் மேலே தண்ணீர் மினுமினுக்கும். அது தானாக வற்றும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. அந்த ஈரத்தின் மேல் சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்த்து வழவழப்பாக்குவது நம் ஊர்ப் பழக்கம், பார்க்க அழகாக இருக்கும், ஒரு வருடத்தில் ஏடு ஏடாக உரியும், மழையில் வழுக்கவும் செய்யும். மணியாஸ் கட்டை (தேய்த்து மட்டமாக்கும் மரக்கட்டை) போட்டு, பிறகு தென்னந்துடைப்பத்தால் வாட்டத்தின் போக்கில் லேசாக ஒரு கோடு இழுத்தால் போதும்.

ஜாயிண்ட்: 20 அடியில் நடுவே, 10 அடியில் ஒரு குறுக்குக் கோடு. கட்டர் மிஷினில் வெட்டுவதானால் அன்றைக்கே, ஓரம் பொரியாத அளவுக்குக் கெட்டியானதும் வெட்டிவிட வேண்டும். நாளைக்கு என்றால் அதற்குள் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளும். ஆழம் கனத்தில் கால் பங்கு, ஒன்றேகால் அங்குலம். கட்டர் கிடைக்காவிட்டால் நடுவே பலகைப் பட்டி வைத்து இரண்டு பாகமாகப் போடுங்கள். கம்பி இருந்தால் ஜாயிண்ட் வரும் இடத்தில் ஒன்று விட்டு ஒன்றைக் கட்டும்போதே வெட்டிவிடுங்கள்.

பிறகு

விரல் பதியாத நிலை வந்ததும் ஈரச் சாக்கு. மறுநாள் களிமண்ணில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள். வாட்டம் இருப்பதால் ஒரே பாத்தியில் மேல் பக்கம் காயும், நான்கைந்தாகப் பிரித்துக் கட்டினால் நிற்கும். காலை மாலை ஹோஸ் அடிப்பது வேலூர் வெயிலில் தண்ணீர் காட்டுவது ஆகாது, நடுவில் பத்து மணிக்கே காய்ந்துவிடும். இப்போது கடையில் கிடைக்கும் சிமெண்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி, அதற்கு 10 நாள் குறைந்தபட்சம், 14 நாள் நல்லது. தண்ணீர் பஞ்சமான நேரமென்றால் சாக்குக்கு மேல் பாலிதீன் ஷீட் போட்டு மூடுங்கள், கால்வாசித் தண்ணீரில் காரியம் முடியும்.

மறுநாள் நடக்கலாம், பைக் ஒரு வாரம் கழித்து, கார் இரண்டு வாரம் கழித்து. செங்கல் லாரி, மணல் லாரி எதையும் 28 நாளைக்குக் கேட்டுக்குள் விடாதீர்கள், அதற்குப் பிறகும் யோசித்து விடுங்கள். மண் கரைந்து இறங்காமல் இருக்க ஜாயிண்ட் கோட்டை ஒரு மாதம் கழித்து, நன்றாகக் காய்ந்த நாளில், தூசி ஊதிவிட்டு சீலண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். சிமெண்ட் பால் ஊற்றி அடைக்கக் கூடாது. முதல் மழையில் எங்காவது தண்ணீர் நின்றால் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள், மேஸ்திரிக்குக் கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் இருவருக்கும் மனக்கசப்பு இல்லை.